உருகுற டேபிள்

ராஜபாளையத்தில் அந்த மால் திறந்த அன்றைக்கு எஸ்கலேட்டருக்குக் கீழே செருப்புகள் குவிந்து கிடந்தன. கழற்றும்படி யாரும் சொல்லவில்லை. முதலில் வந்த ஒரு அம்மா படியின் பளபளப்பைப் பார்த்துத் தயங்கி, செருப்பை ஓரமாக விட்டு, குனிந்து படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினாள். பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். காவலாளி எல்லாவற்றையும் கூடையில் அள்ளி வாசலுக்கு வெளியே கொட்டினான். சாயங்காலம் வரைக்கும் ஜனங்கள் அந்தக் குவியலில் குனிந்து சோடி தேடிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த சில வாரங்கள் பொருள் வாங்க வந்தவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். எஸ்கலேட்டருக்கு எதிரே செயற்கை ஊற்று ஒன்று உண்டு. அதன் திண்டில் வரிசையாக உட்கார்ந்து, கையில் பாப்கார்னோடு, யார் விழுவார்கள் என்று காத்திருப்பார்கள். ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக யாராவது இழுபட்டால் கைதட்டு பறக்கும். "ஏலே, அந்தா ஒண்ணு வருது பாரு, மஞ்சச் சேலை. இது உறுதி" என்று முன்கூட்டியே சொல்லுவார்கள். மஞ்சள் சேலை விழாமல் ஏறிவிட்டால் அவர்களுக்கு வருத்தமாக இருக்கும்.

பிறகு ஒருநாள் நிஜமாகவே ஒருத்தியின் சேலை நுனி சிக்கிக்கொண்டது. யாரோ சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்தியதால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கிழிந்த சேலையைச் சுற்றிக்கொண்டு அவள் அழுதபடி போனாள். திண்டில் இருந்தவர்கள் அன்றைக்குத்தான் முழுத் திருப்தியோடு வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு பெண்களைக் கைபிடித்து ஏற்றவும் இறக்கவும் ஒரு பெண்ணைப் போட வேண்டும் என்று முடிவானது. தரை துடைத்துக்கொண்டிருந்த என்னைச் சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

"இந்தம்மா எல்லாத்துக்கும் பயப்படும். அதான் இதுக்குச் சரி" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். எனக்குப் பயம் இல்லாத நேரம் கிடையாது. பஸ்ஸில் ஏறினால் பிரேக் பிடிக்காதோ என்று இருக்கும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்விட்டு, பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவேன். இந்த வேலைக்கு வந்த பிறகு கரண்டு போய்ப் படி பின்னால் ஓடினால் என்ன செய்வது, பிள்ளைகளின் விரல் மாட்டினால் என்ன செய்வது என்றே மனம் ஓடும். சிவப்புப் பொத்தான் இருக்கும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பழகி வைத்திருந்தேன்.

அந்த இடமே எனக்குப் பழைய இடம். மால் வருவதற்கு முன்னால் அது ஒரு மில்லின் பஞ்சு அடுக்கி வைக்கும் கிட்டங்கி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அந்த மில்லில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். மில்லை மூடினார்கள். கிட்டங்கியின் கூரை விழுந்தது. உள்ளே கருவேலமரம் முளைத்துச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தது. அதையெல்லாம் தள்ளிவிட்டுக் கண்ணாடியில் கட்டடம் எழுப்பினார்கள். கீழே துணிக்கடையும் நகைக்கடையும். முதல் மாடியில் ஒரு பக்கம் பிள்ளைகள் விளையாடும் மெஷின்கள், மறு பக்கம் சாப்பாட்டுக் கடைகள். அதற்கு மேலே சினிமா. பின்பக்கம் ஓர் ஓடை இருந்ததை மறந்துவிட்டுப் பூமிக்கடியில் பார்க்கிங் தோண்டினார்கள். நல்ல மழை பெய்தால் ஓடை அதன் இடத்துக்கு வந்துவிடும். பைக்குகளின் ஹேண்டில் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். கண்ணாடி லிஃப்ட் ஒன்றும் உண்டு. அது ஓடிய நாள்களைவிட "பழுது" அட்டை தொங்கிய நாள்கள் அதிகம். அதனால் வயசானவர்களும் முட்டுவலிக்காரர்களும் என் கையைப் பிடிக்காமல் மேலே போக முடியாது.

நின்ற இடத்திலேயே நாள் முழுக்க நிற்பவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். அப்படித்தான் எனக்குப் பொண்ணு பார்க்கிற சங்கதியும் தெரிந்தது.

முன்னெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் பிரகாரத்தில் வைத்துப் பெண் பார்ப்பார்கள். எங்களைப் போல வேதக்காரர்களுக்கு, கிறிஸ்தவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நிற்கும்போது நடக்கும். இரண்டிலும் ஒரு கஷ்டம், ஊருக்கே தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றாலும் தெரிந்துவிடும். மால் வந்த பிறகு எல்லா சாதி சனமும் இங்கே வர ஆரம்பித்தார்கள். முறை இதுதான்: பெண் என்ன நிறச் சேலையில் வருவாள் என்று தரகர் முதலிலேயே சொல்லிவிடுவார். மாப்பிள்ளை வீட்டார் முன்னாடியே வந்து முதல் மாடிக் கைப்பிடியில் சாய்ந்து நிற்பார்கள். பெண் கீழே இருந்து எஸ்கலேட்டரில் ஏறி வருவாள். அவள் நடக்க வேண்டியதில்லை, திரும்ப வேண்டியதில்லை. கடைக் கண்ணாடிக்குள் பொம்மையைச் சுற்றவிடுவது போலப் படியே அவளை மெதுவாக மேலே தூக்கிக் காட்டும். பார்க்கிறவர்களுக்கு அதைவிட வசதி வேறு கிடையாது.

பெண் வீட்டார் போய்ச் சாப்பாட்டுக் கடைப் பக்கம் உட்காருவார்கள். பிடித்திருந்தால் மாப்பிள்ளை வீட்டார் தற்செயலாக வருவது போல வருவார்கள். "அட, நீங்களா!" என்று ஆரம்பிக்கும். ஸ்வீட் பை கைமாறும். பிடிக்கவில்லை என்றால் அங்கே போகவே மாட்டார்கள். இறங்குகிற எஸ்கலேட்டரில் இறங்கி வெளியே போய்விடுவார்கள். தரகரிடமிருந்து போன் வரும். யாருக்காவது திடீரென்று உடம்பு சரியில்லாமல் போயிருக்கும். அதுவரைக்கும் பெண் வீட்டார் ஓர் ஐஸ்கிரீமை வாங்கி நடுவில் வைத்துக்கொண்டு, தின்னவும் மனசில்லாமல், எழுந்து போகவும் முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து மூலை மேசை அது. தோசைக்கடை மாஸ்டர் அதற்கு ஒரு பேர் வைத்திருந்தார்.

"ஏலே, உருகுற டேபிள்ல ஆள் உக்காந்தாச்சு" என்று கரண்டியால் தட்டிச் சொல்லுவார். கடைப்பிள்ளைகள் வரிசையாக எட்டிப் பார்ப்பார்கள்.

என் மகளுக்கு வரன் தேட ஆரம்பித்தபோது, அந்த மேசை என் கனவில் வர ஆரம்பித்தது.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். நல்ல உடம்பு. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். முகம் லட்சணமாக இருக்கும், குரல் கணீரென்று இருக்கும். சபையில் பாட்டுக்கு முன்னால் நிற்பவள் அவள்தான். ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் வரன் பார்த்துக் கொடுப்பார். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் இடம் சொன்னார். மாப்பிள்ளைக்குக் கோர்ட்டில் வேலை. அம்மாவும், கட்டிக்கொடுத்த ஓர் அக்காவும். போட்டோ பார்த்தார்கள், பிடித்துவிட்டது. நேரில் பார்க்க வேண்டும், மாலில் வைத்துக்கொள்வோம் என்றார்கள்.

"வேற எங்கயாச்சும் வைக்கக் கூடாதாங்கய்யா?" என்று கேட்டேன்.

"ஏம்மா, ஒனக்குத் தோதான எடந்தான? நீ மால் ஆபீஸ்ல இருக்கேனு சொல்லி வச்சிருக்கேன். கையில லத்தி வச்சிட்டு நிக்கேனா சொல்ல முடியும்?"

"லத்தி எல்லாம் கெடையாதுங்கய்யா. கையப் பிடிச்சுத்தான் விடுதேன்."

"அதச் சொன்னா இன்னும் மோசம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று முடிவானது. லீவு கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு என்னை விட முடியாது என்றுவிட்டார் சூப்பர்வைசர். ஆகவே நாங்களே ஒரு வழி செய்தோம். என் வீட்டுக்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு மேலே போய் உட்காருவது. மாப்பிள்ளை வீட்டார் மேசைக்கு வந்தவுடன் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பது. நான் யூனிபாரத்தைக் கழற்றிப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, ஆபீஸிலிருந்து வருவது போல வருவது. அதுவரைக்கும் மகள் என்னைத் தெரிந்தது போலக் காட்டக் கூடாது.

"நீ ஏத்திவிடும்போதுகூட பேசக் கூடாதாம்மா?" என்று கேட்டாள்.

"மூச்சு விடாத ஏட்டி" என்றேன்.

அன்றைக்கு லிஃப்டில் அட்டை தொங்கியது. அவர்கள் முதலில் வந்தார்கள். போட்டோவில் பார்த்த மாப்பிள்ளை, நேரில் கொஞ்சம் குள்ளம். அக்கா கையில் பால்கோவாப் பை. அந்த அம்மாள் எஸ்கலேட்டர் முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். முட்டில் கை வைத்தபடி, படி வருவதையும் மறைவதையும் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் கையை நீட்டினேன். கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை வேர்த்து நனைந்திருந்தது.

"விட்ராத தாயி" என்றாள்.

"விட மாட்டேன்க்கா" என்றேன்.

கூடவே ஏறி மேலே கொண்டுபோய் விட்டேன். சம்பந்தியின் கை இது என்று நினைத்துக்கொண்டேன். கீழே வந்து நின்று பார்த்தால், மூன்று பேரும் கைப்பிடியில் சாய்ந்தாயிற்று. பை கீழே, காலடியில்.

சற்று நேரத்தில் இலைப்பச்சைச் சேலையில் மகள் வந்தாள். என் வீட்டுக்காரர் முன்னால் ஏறிவிட்டார். அவள் கையைப் பிடித்தேன். பேசவில்லை. சொன்னபடி என்னைப் பார்க்கவும் இல்லை. ஆனால் என் சுண்டு விரலை மட்டும் ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஏறினாள். படி அவளைத் தூக்கிக்கொண்டு போனது. நான் அவளைப் பார்க்காமல் மேலே இருந்த மூன்று முகங்களைப் பார்த்தேன். அக்கா அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். மாப்பிள்ளை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். தும்மல் என்று நினைத்தேன்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அது அடிக்கவில்லை. யார் யாருடைய கையையோ பிடித்தேன், விட்டேன். பிறகு நிமிர்ந்தபோது இறங்குகிற எஸ்கலேட்டரின் தலைப்பில் அவர்கள் மூன்று பேரும் நின்றார்கள். அக்காவின் கையில் பால்கோவாப் பை அப்படியே இருந்தது. அம்மாளை மகன் தோளைப் பிடித்து ஏற்றிவிட்டிருந்தான். இறங்கும்போதே அவர்கள் பேச்சு என்னிடம் வந்துவிட்டது. நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. எஸ்கலேட்டருக்குப் பக்கத்தில் நிற்கும் குப்பைத் தொட்டிக்கு முன்னால் யாராவது குரலைத் தாழ்த்துவார்களா?

"போட்டோவுல கழுத்துக்குக் கீழ காட்டவே இல்லம்மா. அப்பவே நெனச்சேன்" என்றாள் அக்கா.

"எம்புட்டு ஒடம்பு! பாதி ஏறுறதுக்குள்ள படி நின்னு போயிருமோனு நான் பயந்துட்டேன்" என்றாள் அம்மாள்.

மாப்பிள்ளை சிரித்தான். "பச்சைச் சேலை வேற. கண்மாய்க் கரை நகர்ந்து வந்த மாதிரி இருந்துச்சு."

"சரி, உபதேசியார்ட்ட என்ன சொல்ல?"

"ஒங்க பெரியப்பாவுக்கு நெஞ்சு வலினு சொல்லு."

"பெரியப்பா போய்ச் சேந்து ரெண்டு வருசம் ஆகுதும்மா."

"அது அவியளுக்குத் தெரியவா போகுது?"

படி முடிகிற இடம் வந்தது. அம்மாள் பழக்கத்தில் கையை நீட்டினாள். நான் பிடித்தேன். பத்திரமாகத் தரையில் இறக்கினேன். கையை விடவில்லை.

"என்னம்மா, விடு" என்றாள்.

"மேல ஒரு பிள்ள காத்துக் கெடக்குக்கா. சொல்லிட்டுப் போங்க."

"நீ யாரு?"

"அவ அம்மா."

இந்த எஸ்கலேட்டரில் என்ன ஆகுமோ ஏது ஆகுமோ என்று தினமும் பயந்து செத்தவள் நான். அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்படியே திரும்பி, ஏறுகிற படியில் கால் வைத்தேன். அவள் கை என் கையில். இழுத்தால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் அவளும் ஏறிவிட்டாள். ஏறிய பிறகு அவளால் என்னை உதறவும் முடியாது. இரண்டு கையாலும் என் தோளைப் பற்றிக்கொண்டாள். பின்னால் அக்காவும் மாப்பிள்ளையும் "ஏய், ஏய்" என்று கத்திக்கொண்டே ஏறி வந்தார்கள். ஊற்றுத் திண்டில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

மூலை மேசையில் ஐஸ்கிரீம் பாதி உருகியிருந்தது. என் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார். நான் யூனிபாரத்தில் இருப்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை. இரண்டு கையையும் கூப்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "தோத்திரம், வாங்க வாங்க, உக்காருங்க" என்றார். மகளும் எழுந்தாள். முந்தானையைச் சரி செய்துகொண்டாள். அந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் கணக்கில் எடுக்கவில்லை. நான் இழுத்து வந்தது இந்தப் பொம்பளையைத்தான். போய் விழுந்தது அந்தச் சிரிப்பின் மேலே.

"இவிய ஒன்னப் பார்த்துட்டாங்க. என்னனு சொல்லட்டும்" என்றேன்.

அம்மாள் கெட்டிக்காரி. மூச்சு வாங்கினாலும் முகத்தை மாற்றிக்கொண்டாள். "பிள்ள நல்லாத்தான் இருக்கு. எங்களுக்குத்தான் குடுத்து வைக்கல. இவன் பெரியப்பாவுக்குத் திடீர்னு நெஞ்சு வலி..."

"கீழ சொன்னதச் சொல்லுங்க" என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள். என் கைக்குள் இருந்த அந்தக் கையைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. சிரிப்பு போய்விடவில்லை, எங்கே வைப்பது என்று தெரியாமல் முகத்திலேயே கிடந்தது.

"பரவால்ல அத்தை, சொல்லுங்க. எங்கம்மா உங்கள இம்புட்டுத் தூரம் இழுத்துட்டு வந்திருக்குல்லா" என்றாள்.

அக்காதான் வாயைத் திறந்தாள். "குண்டா இருக்கே. எங்க தம்பிக்கு ரெண்டு பங்கு இருக்கே. போதுமா?"

"போதும்க்கா" என்றாள் மகள்.

தோசைக்கடைப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. அந்த அம்மாள் அவசரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல், அக்காவின் கையிலிருந்த பால்கோவாப் பையை வாங்கி மேசையில் வைத்தாள். என் வீட்டுக்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப சந்தோசம்" என்றார். வாய்ப்பழக்கம்தான். அவர்கள் போய்விட்டார்கள். இறங்குகிற படியில் அம்மாளை யார் கைபிடித்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

மகள் உட்கார்ந்தாள். பையைப் பிரித்தாள். ஐஸ்கிரீம் கரண்டியை எடுத்துப் பால்கோவாவைத் தின்ன ஆரம்பித்தாள். அவசரமே இல்லாமல், என்னைப் பார்த்துக்கொண்டே தின்றாள்.

"போதும் ஏட்டி" என்றேன்.

"அவிய பெரியப்பாவுக்கு நெஞ்சுவலினு சொன்னத நான் நம்பியிருப்பேன்ம்மா" என்றாள். "ராத்திரி அந்தப் பெரியப்பாவுக்காக ஜெபம்கூடப் பண்ணியிருப்பேன். எனக்கு நம்பத் தெரியும். நீதான் கெடுத்துட்ட."

மறுநாள் சூப்பர்வைசர் என்னை எல்லோருக்கும் முன்னால் நிற்க வைத்தார். அக்காக்காரி புகார் சொல்லியிருந்தாள். "கஸ்டமர் கையப் பிடிக்கத்தாம்மா ஒனக்குச் சம்பளம். இழுக்கதுக்கு இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நாள் முழுக்க அந்த இடத்தில் நிற்க வேறு பெண் யாரும் சம்மதிக்கவில்லை என்பதுதான் காரணம். தோசை மாஸ்டர் அதற்குப் பிறகு அந்த மேசையின் பேரை நான் இருக்கும்போது சத்தமாகச் சொல்லுவதில்லை. மெதுவாகச் சொல்லுவார்.

மகள் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். வரன்கள் வந்தன, ஒன்றும் கூடவில்லை. உபதேசியார் எங்கள் வீட்டு விஷயத்தை விட்டுவிட்டார். "பிள்ளைக்கு இல்லம்மா, ஒனக்குத்தான் பயப்படுதாங்க" என்றார். சபையில் மகள் இப்போது பாட்டுக்கு முன்னால் நிற்பதில்லை. தூணுக்குப் பின்னால் இருந்து பாடுகிறாள். குரல் மட்டும் வரும். மாலுக்கு அவள் வருவதே இல்லை. நான் மதியச் சோற்றை மறந்துவிட்டு வந்தால்கூட வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த அம்மாள் மறுபடி வந்தாள். அவள் மகனும் மகளும் முன்னால் ஏறிப் போய்விட்டார்கள். அக்காக்காரி கையில் அதே கடைப் பால்கோவாப் பை. அம்மாள் படிக்கு முன்னால் நின்றாள், என்னைப் பார்த்தாள். திரும்பி லிஃப்டைப் பார்த்தாள். அட்டை தொங்கியது. மாடிப்படி இருக்கும் பக்கம் பார்த்தாள், முட்டைத் தடவிக்கொண்டாள். பிறகு முகத்தை ஊற்றுப் பக்கம் வைத்துக்கொண்டே கையை மட்டும் நீட்டினாள்.

பிடித்தேன். கூடவே ஏறினேன். பாதி தூரம் போனதும் கேட்டேன்.

"இன்னைக்கு என்ன கலரு சேலைக்கா?"

கையை இழுக்கப் பார்த்தாள். அங்கே வைத்து இழுக்க முடியாது.

"ரோஸு" என்றாள்.

மேலே கொண்டுபோய்ப் பத்திரமாக விட்டுவிட்டு, கீழே வந்து ரோஸ் சேலைக்காகக் காத்து நின்றேன். வந்தது. ஒடிசலான பிள்ளை. இருபத்திரண்டு வயசு இருக்கும். கையைப் பிடித்து ஏற்றும்போது குனிந்து சொன்னேன். "மேல கைப்பிடில நின்னு பாக்காங்க தாயி. பிடிக்கலன்னா சொல்லாமக் கொள்ளாமப் போயிருவாங்க. நிமிந்து அவிய மூஞ்சிய நல்லாப் பாரு."

அந்தப் பிள்ளை உதடு அசையாமல் பேசியது. "தெரியும்க்கா. அந்தப் பக்கம் கை காட்டிராதீங்க. நான் பாக்காத மாதிரி போகணும்."

படியில் நின்று, முகத்தைக் கொஞ்சம் தூக்கி, யாரையும் பார்க்காமல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சிரித்துக்கொண்டே போனது.

நெடுநேரம் கழித்து அவர்கள் எல்லோரும் சேர்ந்து இறங்கி வந்தார்கள். பால்கோவாப் பை கீழே வரவில்லை. படி முடிகிற இடத்தில் நான் பழக்கத்தில் கையை நீட்டினேன். அந்த அம்மாள் ரோஸ் சேலையின் கையைப் பிடித்திருந்தாள். ஒரு தடங்கல் இல்லாமல் இறங்கி, என்னைத் தாண்டிப் போனாள்.